ஜாகுவாரின் வரவிருக்கும் மின்கார்: பினாங்கு அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, அமெரிக்காவின் மயாமியில் ஜாகுவார் காட்டிய காருக்கு இரண்டே கதவுகள்தாம் இருந்தன. குடும்பத்தோடு போக அது உதவுமா? (ஜெலுத்தோங்)

பதில்: 2024 டிசம்பரில் காட்டப்பட்ட ‘டைப் ஜீரோ ஜீரோ’ ஒரு மாதிரி மட்டுமே. விற்பனைக்கு வருவது நான்கு கதவுக் கார்.

கேள்வி: ஒரு முறை மின்னேற்றினால் 770 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். கோலாலம்பூருக்குப் போய்த் திரும்பிவிடலாமா? (பட்டர்வொர்த்)

பதில்: அந்த நம்பிக்கையில் புறப்பட வேண்டாம். 770 என்பது டபிள்யூஎல்டிபி (WLTP) எனும், கார் ஓடும் தூரத்தை ஆய்வகத்தில் அளக்கும் சோதனை முறைப்படி நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. அச்சோதனையின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் 110-இல் சீராக ஓட்டும்போது, காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப (வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காக) கூடுவதால், நான் கால் பங்கைக் கழித்துவிட்டுத்தான் பயணத்தைத் திட்டமிடுவேன். மீதி ஏறக்குறைய 575 கிலோமீட்டர். ஜார்ஜ்டவுனிலிருந்து தலைநகர் சுமார் 350 கிலோமீட்டர் என்பதால் ஒருவழிப் பயணத்துக்குக் கவலையே இல்லை. திரும்பி வர எங்காவது ஓரிடத்தில் மின்னேற்றியே ஆகவேண்டும். நம் வெயிலுக்கு ஏர்கோன் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும் என்றாலும், குளிர்நாடுகளில் கார்கள் இழக்கும் அளவுக்கு நமக்கு இழப்பில்லை.

கேள்வி: நிறுவனம் சொல்லும் 15 நிமிடத்தில் 321 கிலோமீட்டருக்கான மின்னேற்றம் இங்கே கிடைக்குமா அண்ணா? (ஆயர் ஈத்தாம்)

பதில்: கார் ஏற்றுக்கொள்ளும் வேகம் ஒன்று, மின்னூட்டி கொடுக்கும் வேகம் வேறொன்று. 321 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 60 கிலோவாட் மணி (அதாவது 60 யூனிட்) மின்சாரம் தேவை எனக் கொண்டால், அதைக் கால்மணி நேரத்தில் செலுத்த, சராசரியாக 240 கிலோவாட் திறன் வேண்டும். 180 கிலோவாட் மின்னூட்டியில் அதே நேரத்தில் அதிகபட்சம் 45 கிலோவாட் மணியே ஏறும். பக்கத்தில் இன்னொரு கார் இணைந்து திறனைப் பங்கிட்டுக்கொண்டால் அதுவும் பாதியாகலாம்.

கேள்வி: வரிச்சலுகை உண்டா? (பாயான் லெப்பாஸ்)

பதில்: முழுதாக இறக்குமதியாகும் மின்கார்களுக்கான தீர்வை விலக்கு 2025 டிசம்பர் 31-இல் முடிந்துவிட்டது. இங்கேயே பொருத்தப்படுபவற்றுக்கு 2027 இறுதிவரை உண்டு. இந்தக் கார் இங்கிலாந்தில் தயாராவதால் தீர்வையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். 2026 முதல் மின்கார்களுக்குச் சாலை வரியும் உண்டு.

கேள்வி: நான் கொண்டோவில் இருக்கிறேன். முன்பதிவு செய்யலாமா? (தஞ்சோங் தோக்கோங்)

பதில்: முதலில் நிர்வாகக் குழுவைப் பாருங்கள். வீட்டிலேயே மின்னேற்ற முடிந்தால்தான் இத்தகைய காரின் சுகம் முழுமையாகக் கிட்டும். 7 கிலோவாட் மின்னூட்டி போதும்; இரவு 8 மணி நேரத்தில் 56 கிலோவாட் மணி, அதாவது 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடத் தேவையான மின்சாரம் கிடைத்துவிடும். உங்கள் நிறுத்துமிடம்வரை தனிக்கம்பி இழுக்கலாமா, மீட்டர் யார் பெயரில் இருக்கும், கட்டடத்தின் மின்சுமை தாங்குமா என்ற மூன்றையும் கேளுங்கள். அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.