பையன் தம்போலா டிக்கெட் வெப்சைட் நடத்துகிறான் என்று கவலைப்படும் அப்பாவுக்கு

ஐயா, பி.எஸ்சி கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு, இரண்டு அரியர், வளாக நேர்காணல் வேறு நெருங்குகிறது, பையனோ ராத்திரி ஒரு மணி வரைக்கும் பிங்கோ அட்டை அச்சடிக்கிற வெப்சைட்டை நோண்டிக்கொண்டிருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் ஐயா. அதை மட்டும் நம்பி இருக்கவும் விடாதீர்கள்.

அவன் செய்வது விளையாட்டு வேலை இல்லை. தம்போலாவும் பிங்கோ வகைதான், கூப்பிடும் எண்ணை டிக்கெட்டில் தேடி அடிக்கிற ஆட்டம். நம் வீட்டு விசேஷங்களில் ஆடும் அந்த டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள்: 3 வரிசை, 9 பத்தி, 15 எண்கள். வரிசைக்குச் சரியாக ஐந்து, முதல் பத்தியில் 1 முதல் 9 வரை, கடைசிப் பத்தியில் 80 முதல் 90 வரை, எந்தப் பத்தியும் காலியாக இருக்கக் கூடாது. ஆறு டிக்கெட் கொண்ட முழுத் தாள் என்றால் 1 முதல் 90 வரை ஒவ்வொரு எண்ணும் அந்தத் தாளில் ஒரே ஒரு முறைதான் வர வேண்டும். சும்மா குலுக்கிப் போட்டால் முதல் சில டிக்கெட் ஒழுங்காக வந்துவிட்டு கடைசி டிக்கெட்டில் முட்டிக்கொண்டு நிற்கும், அப்புறம் பின்னால் போய் ஏற்கெனவே வைத்ததைக் கலைத்து மறுபடி அடுக்க வேண்டும். அதைக் கணினி புரோகிராமாக எழுதி ஓடவைத்த பையனிடம் நேர்காணலில் கேட்க நிறைய இருக்கிறது, அவனுக்குச் சொல்லவும் நிறைய இருக்கிறது. கல்லூரி புராஜெக்ட் என்று ஊரே காட்டும் நூலக மேலாண்மை மென்பொருளைவிட இது எவ்வளவோ மேல்.

அச்சு இன்னொரு தலைவலி. திரையில் அழகாக இருக்கும் கட்டம் பிரின்டரில் பாதி இந்தப் பக்கம், பாதி அடுத்த பக்கம் என்று வெட்டுப்படும். பின்னணி நிறத்தை பிரவுசர் தானாகவே விட்டுவிடும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஒரு பொறுமை வேண்டும், அது அவனிடம் இருக்கிறது.

சரி, காசு? நேராகச் சொல்கிறேன், விளம்பரத்தை மட்டும் நம்பினால் கைச்செலவுக்கு வரலாம், குடும்பம் நடத்த வராது. தளங்களில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணத்தையே அனுப்புவார்கள். இதே தொழிலில் ஜெயித்த ஒருவரைத் தெரியும்: பேட்ரிக் மெக்கென்சி என்ற அமெரிக்கர், ஜப்பானில் வேலையில் இருந்துகொண்டே 2006-இல் பள்ளி ஆசிரியர்களுக்காக பிங்கோ அட்டை மென்பொருள் விற்க ஆரம்பித்தார். வேலையை விட்டது 2010-இல்தான். அந்த நான்கு வருஷத்தைப் பையனுக்குச் சொல்லுங்கள்.

அவர் ஆசிரியர்களைப் பிடித்ததையும் சொல்லுங்கள். தம்போலா டிக்கெட் தரும் தளங்கள் ஏராளம். தமிழ் எழுத்து பிங்கோ அப்படி இல்லை. ல, ள, ழ வரும் சொற்களைக் கட்டங்களில் போட்டு, டீச்சர் "புலி", "பள்ளி", "வாழை" என்று வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் தேடி அடிக்கிற அட்டை, இங்கே ஒன்றாம் வகுப்புக்கும் உதவும், டொராண்டோ, லண்டன் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கும் உதவும். சிக்கல் என்னவென்றால் இலவச பிடிஎஃப் கருவிகள் பலவற்றில் "கொ" என்று அடித்தால் கொம்பு இடம் மாறிப் போய் உட்காரும். அதைத் தீர்த்தால் அவனுக்கென்று ஓர் இடம் உண்டு. பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவரிடம் பத்து அட்டை கொடுத்து, வகுப்பில் ஆடும்போது ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தளத்திலேயே பணம் கட்டி ஆடும் வசதியைச் சேர்க்க யாராவது ஆசை காட்டினால் தொடவே கூடாது; பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் வந்த மத்திய சட்டம் தடை செய்திருக்கிறது. அட்டை அச்சடிப்பது வேறு, அது வேறு.

இப்போது அரியர். பல நிறுவனங்கள் அரியர் இருந்தால் நேர்காணலில் உட்காரவே விடுவதில்லை, இந்தத் தளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காட்டுவதற்கு வாய்ப்பே கிடைக்காது. தீபாவளிக்குத்தான் தம்போலா டிக்கெட்டுக்குக் கூட்டம் வரும், செமஸ்டர் தேர்வும் அதை ஒட்டியே வரும். அதனால் புதிதாகச் செய்ய வேண்டியதை எல்லாம் செப்டம்பருக்குள் முடித்துவிடட்டும். அதன்பிறகு தேர்வு முடியும்வரை, தளம் நின்றுபோனால் ஒழிய அதில் கைவைக்க வேண்டாம்.