கேள்வி பதில்: பஞ்சதந்திரத்தின் பின்னால் போன தியோடோர் பென்ஃபை

கே: யார் சார் இவர்? கதை தொகுத்த கிரிம் சகோதரர்களைத்தான் எங்களுக்குத் தெரியும்.

ப: கோட்டிங்கன் பல்கலைக்கழகச் சமஸ்கிருத அறிஞர் (1809–1881). 1859இல் பஞ்சதந்திரத்தை ஜெர்மனில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். முதல் தொகுதி முழுக்க முன்னுரைதான். அவர் பெயர் நிற்பது அதனால்.

கே: வாழ்க்கை வசதியாக இருந்ததா?

ப: எங்கே! 1834 முதல் பாடம் நடத்தியும் பல ஆண்டுகள் சம்பளமில்லை. யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1848இல் கிறித்தவரானார், துணைப் பேராசிரியர் பதவியும் அதே ஆண்டு வந்தது. தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. முழுப் பேராசிரியரானபோது வயது 53.

கே: உலகக் கதைகள் எல்லாம் இந்தியாவில் பிறந்தவை என்று நிரூபித்தவர் இவர்தானே?

ப: இல்லை. விலங்குக் கதைகளில் பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்து இந்தியாவுக்கு வந்தவை என்றே எழுதினார். மற்ற கதைகளுக்குத்தான் இந்தியாவைத் தாயகமாகச் சொன்னார். அவை பௌத்தர், இஸ்லாமியர், மங்கோலியர் வழியாக மேற்கே போயின என்றார். முன்னுரையைப் படிக்காமல் பென்ஃபையைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

கே: பிறகு அவரை மறுத்தது ஐரோப்பியர்களின் பொறாமைதானே?

ப: பொறாமை இல்லை, பப்பிரஸ் (பழைய எகிப்தியர் எழுதிய நாணல் தாள்). எகிப்தின் ‘இரு சகோதரர்’ கதை கி.மு. 13ஆம் நூற்றாண்டுச் சுருளில் இருக்கிறது. அதை எந்த இந்திய நூலிலிருந்து எடுத்திருப்பார்கள்? 1893இல் பிரான்சின் இலக்கிய அறிஞர் ஜோசப் பெதியே, பெரும்பாலான கதைகளுக்குப் பிறந்த ஊரைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று வாதாடினார். எனக்கும் அதே கருத்துதான்.

கே: அப்படியென்றால் பென்ஃபை தோற்றுவிட்டார் என்கிறீர்களா?

ப: அவசரம் வேண்டாம். வாய்வழிக் கதையில் தடுமாறினார். ஏட்டு வழியில் அவரை அசைக்க முடியாது. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தில் புர்சோய் என்பவர் பஹ்லவியில், அதாவது அன்றைய பாரசீக மொழியில், செய்த பஞ்சதந்திர மொழிபெயர்ப்பு தொலைந்துவிட்டது. அதிலிருந்து எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபாவின் அரபு ‘கலீலா வ திம்னா’, அதிலிருந்து ஹீப்ரு, பிறகு லத்தீன், 15ஆம் நூற்றாண்டில் ஜெர்மன். பஹ்லவியிலிருந்து நேரே சிரியாக் என்ற மேற்காசிய மொழியில் ஒரு மொழிபெயர்ப்பு வந்ததாக ஒரு பழைய நூற்பட்டியலில் குறிப்பு மட்டும் இருந்தது. பிரதி கிடைக்காததால் பலர் அதை நம்பவில்லை. பென்ஃபை தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் இன்றைய துருக்கியிலுள்ள மார்தினில் அது அகப்பட்டது! குஸ்தாவ் பிக்கெல் அதை 1876இல் பதிப்பித்தார். முன்னுரை, வேறு யார், பென்ஃபைதான். இந்தத் துறையில் இதைவிட நல்ல துப்பறியும் கதை கிடையாது.

கே: தமிழ்ப் பக்கம் ஏதாவது?

ப: உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடப் பிரதிகளை வைத்து பாதிரியார் துபுவா 1826இல் பிரெஞ்சில் ஒரு பஞ்சதந்திரம் வெளியிட்டார். பென்ஃபை ஒப்பிட்ட நூல்களில் அதுவும் ஒன்று.

கே: சிண்ட்ரெல்லாவும் நம்முடையதா ஐயா?

ப: மேலே மூன்றாவது பதிலைப் பாருங்கள்.

கே: ஈசாப் கதைகளாவது?

ப: அதே மூன்றாவது பதில். இந்த முறை முழுசாகப் படியுங்கள்.