நெட்டையாகும் மிளகாய் நாற்றுக்குப் பொட்டாஷ் போடலாமா?

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "தயிர்ச்சட்டியில் போட்ட மிளகாய் விதை நன்றாக முளைத்தது. பிறகு தண்டெல்லாம் நூல்போல நீண்டு, வெளிறி, குசினி யன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. பொட்டாசியம் போதாது என்கிறார்கள். எம்.ஓ.பி. (பொட்டாசியம் குளோரைட்டு என்ற பொட்டாஷ் உப்பு உரம்) கரைத்து ஊற்றலாமா?"

வேண்டாம், அம்மா. இந்த வயதில் உப்பு கூடினால் இளம் வேர் கருகிவிடும். நாற்று கேட்பது வெளிச்சம், அதிலும் நீல ஒளி.

தண்டு நீள்வது பெரும்பாலும் இருக்கிற கலங்கள் தண்ணீர் குடித்துப் பெருப்பதால்தான். பொட்டாசியம் போன்ற அயன்கள் (மின்னேற்றமுள்ள துகள்கள்) கலத்தின் மென்சவ்விலுள்ள வாயில்கள் வழியே உள்ளே போகும், தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். ஒரு தண்டை விரலால் நசுக்கிப் பாருங்கள், ஈரம்தான் மிஞ்சும்.

அந்த அயன் வாயில்களுக்குக் கட்டளை கொடுப்பவற்றில் ஒளியுணர் நிறப்பொருள்களும் உண்டு. கிரிப்டோகுரோமும் போட்டோட்ரோபினும் நீலத்தை உணரும். பைட்டோகுரோம் சிவப்பையும், அதற்கு அப்பால் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் தூரச் சிவப்பையும் உணரும். இருட்டில் வளர்ந்த வெள்ளரி நாற்றில் நீல ஒளி பட்டால் ஏறக்குறைய அரை நிமிடத்தில் தண்டின் வளர்ச்சி தளர்கிறது. அதற்குச் சற்று முன்னரே கலமென்சவ்வின் மின்னழுத்தம் சரிவதை 1989 இல் அளந்து காட்டினார்கள். நீல ஒளி குளோரைட்டு போன்ற எதிரயன்கள் (எதிர் மின்னேற்றமுள்ள அயன்கள்) வெளியேறும் வாயில்களைத் திறந்துவிடுகிறது என்பது பின்னர் தெரிந்தது. உங்கள் யன்னலில் 'நீளாதே' என்ற அந்த நீல ஒளிக் கட்டளை மிகவும் பலவீனமாகத்தான் வந்து சேர்கிறது.

இதே வித்தையைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? மாலையில் ஒரு மாரா (தூங்குமூஞ்சி) மரத்தடியில் நில்லுங்கள். சிற்றிலையின் அடிமூட்டில் ஒரு பக்கக் கலங்களிலிருந்து பொட்டாசியமும் குளோரைட்டும் வெளியேற, மறுபக்கம் அவை நிறைய, இலை மடங்கும். அங்கும் பைட்டோகுரோமுக்குப் பங்கு உண்டு.

சரி, இனி வேலை. முதலில் நெருக்கத்தைக் குறையுங்கள். சட்டிக்கு மூன்று நான்கு கன்று போதும். பக்கத்து இலைகளில் பட்டு வரும் ஒளியில் தூரச் சிவப்பு அதிகம், அதை நிழல் என்று எடுத்துக்கொண்டு நாற்று இன்னும் நீளும். அப்புறம் பல்கனியில் காலை வெயில்: முதல் நாள் ஒரு மணி நேரம், ஒரு கிழமைக்குள் நாலைந்து மணி நேரம். வெயிலே வராத வீடென்றால் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கை ஒரு சாண் உயரத்தில் தினம் 14 மணி நேரம் எரியவிடுங்கள். மஞ்சள் விளக்கில் நீலம் குறைவு.

நீண்ட தண்டு திரும்பக் குறுகாது. மாற்றி நடும்போது விதையிலைக்குச் சற்றுக் கீழ்வரை மண் அணைத்துவிடுங்கள். எம்.ஓ.பி.யைப் பத்திரமாக வையுங்கள், பூக்கும் காலத்தில் அளவாகத் தேவைப்படும்.