இயக்கத்தில் இருந்தேன் என்கிறவர்கள் – கடிதம்

வணக்கம் சேர்,

ஆடியமாவாசைத் தீர்த்தத்துக்கு லண்டனிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்து, தான் கஞ்சிகுடிச்சாற்றுக் காட்டில் புலிகள் இயக்கத்தோடு நின்றதாகவும் ஆனையிறவுச் சண்டைக்குப் போனதாகவும் கதை கதையாக அளந்தார். சண்டைக்கு முதலே ஏஜென்சிக்குக் காசு கட்டி வெளிநாடு போனவர் என்பது ஊருக்கே தெரியும். பக்கத்தில் என் மாமா இருந்தார். மாமா உண்மையிலேயே இருந்தவர், ஒரு கால் இல்லாதவர். ஒரு சொல்லும் பேசாமல் எழும்பிக் கச்சான் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். எனக்கு வயிறு எரிந்தது. மாமா ஏன் வாயைத் திறக்கவில்லை? அமெரிக்காவில் இப்படிப் பொய் சொன்னால் பிடித்து உள்ளே போடச் சட்டம் இருக்கிறதாமே. அந்த ஆளை முகநூலில் போட்டுக் கிழிக்கலாமா? உண்மையான போராளிகளின் பெருமையை யாராவது காப்பாற்ற வேண்டாமா?

ர., திருக்கோவில்

அன்பு மகள்,

முதலில் அந்தச் சட்டத்தை முடித்துவிடுவோம். அமெரிக்காவில் அப்படி ஒன்று இருந்தது உண்மை. கலிபோர்னியாவில் ஒரு தண்ணீர்ச் சபை உறுப்பினர், அல்வாரெஸ் என்று பெயர், 2007இல் ஒரு கூட்டத்தில் எழும்பி, தான் 25 வருசம் மெரைன் படையில் இருந்தவன், நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் வாங்கியவன் என்று சொன்னார். படைப்பக்கம் எட்டியும் பார்த்ததில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2012இல் அந்த நீதிமன்றம், வெறுமனே பொய் சொல்வது குற்றமாகாது, அதுவும் பேச்சுச் சுதந்திரத்துக்குள் வருகிறது என்று சட்டத்தையே அடித்துப் போட்டது. அடுத்த வருசம் வேறொரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி பொய் சொல்லிக் காசோ வேறு சலுகையோ பெறப் பார்த்தால்தான் குற்றம். ஆகவே உங்கள் லண்டன்காரர் கலிபோர்னியாவில் ஒரு முற்றத்தில் இருந்து அளந்திருந்தாலும் யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். விடுங்கள்.

அங்குள்ள பழைய படைவீரர்களுக்கு வருகிற கோபம் எனக்கு விளங்குகிறது. பக்கத்தில் நின்று செத்துப்போன கூட்டாளியின் கதையை, அந்த இடத்துக்கே போகாத ஒருவன் தன் கதையாகச் சொல்லிச் சாப்பிடுகிறான் என்றால் கொதிக்கத்தானே செய்யும். ஆனால் அவர்களிடம் ஒரு கடதாசி இருக்கிறது. படையிலிருந்து விலகும்போது கொடுப்பது. அதைக் காட்டினால் ஓய்வூதியம், ஆஸ்பத்திரி, ஊர்வலத்தில் முன்வரிசை. பொய்யனிடம் ‘கடதாசியைக் காட்டு’ என்று கேட்கலாம், கேட்கிறார்கள்.

இங்கே என்ன கடதாசி? 2009இல் சண்டை முடிந்த பிறகு இயக்கத்தில் இருந்தவர்கள் என்று சுமார் 12,000 பேர் அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாம்களுக்குள் போய் வந்தார்கள். வெளியே வந்தபோது ஒரு சான்றிதழ். அதைக் காட்டினால் வேலை கிடைக்காது, பொலிஸ்காரர்தான் வீட்டுக்கு வருவார், எங்கே போகிறாய், யாரோடு கதைக்கிறாய் என்று கேட்க. 2004இல் இயக்கம் கிழக்கில் இரண்டாக உடைந்து, வெருகலில் நேற்றுவரை ஒரே பானையில் சாப்பிட்ட பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டு, மிச்சப் பேரை வீட்டுக்குப் போங்கள் என்று கலைத்து விட்டார்களே, அவர்களிடம் அதுவும் இல்லை. அவர்கள் தாங்கள் இருந்ததை நிரூபிக்க அல்ல, இருக்கவில்லை என்று நிரூபிக்கத்தான் இத்தனை வருசம் பாடுபட்டார்கள். உங்கள் மாமா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். முற்றத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், அதில் யார் யாருக்கு என்ன சொல்வார் என்று அவர் ஒரு பார்வையில் கணக்குப் பார்த்திருப்பார். நீங்கள் பார்க்கவில்லை.

இப்போது நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிற விசயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்ததும் அதுதான் திரும்பக் கிளம்பியது.

இயக்கத்தில் இருந்ததாகப் பொய் சொல்கிற ஆம்பிளைகளை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஒருவர் ஜெயசிக்குறுச் சண்டையில் நின்றவர், ஒருவர் யாருக்கோ மெய்ப்பாதுகாவலர், எல்லாரும் பெரிய இடம், சமையல்கூடத்தில் விறகு கொத்தினேன் என்று சொன்ன பொய்யன் ஒருவனும் இல்லை. ஆனால் மகள், இயக்கத்தில் இருந்தேன் என்று பொய் சொன்ன ஒரு பெண்ணை எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம். இங்கே வேண்டாம், லண்டனில், கனடாவில், எங்கேயாவது. நான் கேள்விப்பட்டதே இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எத்தனை பிள்ளைகள் போனார்கள், பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள், ஆணுக்குச் சமமாகச் சண்டை பிடித்தார்கள். அந்தப் பெருமை அவ்வளவு பெரிதென்றால் அதற்கும் திருடர்கள் வந்திருக்க வேண்டுமே. ஏன் வரவில்லை?

2004இல் நான் படுவான்கரையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த வருசம் ஒருநாள், டவுனுக்குத் திரும்ப, வாவியைக் கடக்கிற படகான பாதையில் ஏறப் போகும்போது துறையடியில் ஒரு தாய் என்னை மறித்தா. என்னிடம் படித்த பிள்ளையின் தாய். காசைக் கையில் சுருட்டி வைத்திருந்தா. ‘சேர், டவுன்ல ஒரு சவுரி வாங்கித் தாங்க. இங்க வாங்கினா ஊருக்கே தெரியும்’ என்றா. எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள், ஆனால் தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது. அந்த நேரம் கட்டைத் தலைமயிரோடு ஒரு பெண்பிள்ளை வெளியே வந்தால் செக்பொயின்றில் ஆமிக்கும் தெரியும், திரும்பவும் ஆள் பிடிக்க வந்த இயக்கத்துக்கும் தெரியும், கலியாணம் பேச வருகிறவர்களுக்கும் தெரியும். வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரன் நிறம் என்ன என்று கேட்டான், வெயிலில் செம்பட்டையாகிப்போன மயிருக்கு என்ன நிறம் சொல்வது. நல்ல கறுப்பில் எடுத்தேன். அந்தப் பிள்ளை அதைப் பின்னிக் கட்டி, முக்காடு போட்டு, முன்தலை மட்டும் தெரிய அதே பாதையில் ஏறி வருவாள். கறுப்பும் செம்பட்டையும் சேருகிற இடம் வெளியே தெரியாமல் இருக்கத் தாய் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே நிற்பா.

மயிர் வளர்ந்து, பிறகு கலியாணமும் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. முழங்கையில் இருக்கிற தழும்பு சின்ன வயதில் வேலிக்கம்பி கிழித்தது என்று சொல்லியிருக்கிறார்கள். இவளும் பொய் சொல்கிறாள், பாருங்கள். உங்கள் லண்டன்காரர் இல்லாததை இருந்ததாகச் சொல்கிறார், இவள் இருந்ததை இல்லை என்கிறாள், இரண்டு கதையையும் கேட்டுத் தலையாட்டுவது ஒரே சனம்தான். ஆம்பிளை சொன்னால் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுக்கிறோம். பெண் என்றால் சாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள், அவர் ‘கதை கதையாக’ அளந்தாராம். அத்தனை கதையையும் இருந்து கேட்டது யார்? ‘மறுகா என்ன நடந்தது’ என்று கேட்காமலா அவர் ஆனையிறவுவரை போனார்? மாமாவிடம் இத்தனை வருசத்தில் யாராவது அப்படி இருந்து கேட்டீர்களா? கேட்டிருந்தாலும் எத்தனை பேரைச் சுட்டீங்க என்றுதான் கேட்டிருப்பீர்கள். பசியைப் பற்றியோ, மலேரியாவைப் பற்றியோ, பதினைந்து வயதில் அம்மாவை நினைத்து சென்ரியில் அழுததைப் பற்றியோ சொன்னால் அரைவாசியில் எழும்பிப் போயிருப்பீர்கள். ‘பெருமை’ என்று எழுதியிருக்கிறீர்கள். மாமாவுக்கு அது பெருமைதான் என்று உங்களுக்கு யார் சொன்னது? விரும்பிப் போனாரா, பிடித்துக்கொண்டு போனார்களா என்றாவது தெரியுமா?

கோபிக்காதீர்கள். வயிறு எரிந்தது என்று எழுதினீர்களே, அது மாமாவின் மேலுள்ள பாசம். இல்லாவிட்டால் நான் மினக்கெட்டுப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

அகதி விண்ணப்பத்துக்காக அந்த நாடுகளில் சொல்லப்பட்ட பொய்களைப் பற்றியும் பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். அது உயிர் பிழைக்கச் சொன்னது, வேறு கதை, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

முகநூலில் போடவே கூடாது. அவர் பொய் சொல்கிறார் என்று எழுதினால் அடுத்த கேள்வி ‘உனக்கெப்படித் தெரியும்’ என்பதுதான். அதற்குப் பதில் மாமா. லண்டன்காரர் ரிக்கற்றைக் காட்டிக் கட்டுநாயக்காவால் போய்விடுவார், திருக்கோவிலில் இருக்கப் போகிறவர் மாமாதான். அடுத்த ஆடியமாவாசைக்கு அந்த மனிதர் வந்து திரும்பவும் தொடங்கினால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுங்கள். கேட்க ஆளில்லாவிட்டால் எவ்வளவு நேரம் கதைப்பார்?

கடிதத்தில் அவருடைய முழுப்பெயரையும் மாமாவின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். இங்கே போடும்போது இரண்டையும் வெட்டிவிட்டேன். ஊரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், ஆடியமாவாசைக்குத் திருக்கோவிலுக்கு வருகிற சனத்துக்குள் அவரை யார் தேடிப் பிடிக்கப் போகிறார்கள்.