வலி மாத்திரையில் மிச்சம் பிடிக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. 10 மி.கி. மார்ஃபின் மாத்திரையைக் காலை 6, 10, பகல் 2, மாலை 6 மணிக்கு ஒவ்வொன்றும், இரவு 10 மணிக்கு இரண்டுமாகப் போடச் சொன்னார்கள். அவரோ பொறுக்க முடியாமல் போனால்தான் ஒன்று போடுகிறார். ஒரு நாளைக்கு இரண்டைத் தாண்டுவதில்லை. “இப்பவே போட்டுப் பழகிட்டா கடைசியில எதுவும் கேக்காது” என்கிறார். டாக்டரிடம் சொல்லவும் விடமாட்டேன் என்கிறார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: டாக்டரிடம் மறைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. அதை முதலில் பார்ப்போம்.

சீட்டில் இருப்பது நாளொன்றுக்கு 60 மி.கி. உள்ளே போவது 20. அடுத்த முறை அப்பா வலிக்கிறது என்றதும், 60 போதவில்லை என்று நினைத்து டாக்டர் 90 ஆக்குவார். பிறகு ஏதோ காய்ச்சல் என்று வார்டில் சேர்க்கிறீர்கள். அங்கே நர்ஸ் சீட்டில் உள்ளபடி வேளை தவறாமல் கொடுப்பார். 20க்குப் பழகிய உடம்பில் திடீரென 90 இறங்கினால் மயக்கமும் மூச்சு மந்தமும் வரலாம். குறைத்துப் போட்டது இப்படித்தான் கூடுதலாகப் போய் முடியும்.

அதனால் அட்டையில் மீதி மாத்திரைகளை எண்ணுங்கள். 14 நாளுக்கு 84 கொடுத்திருந்து 50 மிஞ்சியிருந்தால், அவர் போட்டது 34. நாளொன்றுக்குச் சுமார் 24 மி.கி. இந்தக் கணக்கை அப்படியே சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். நாளைக் காலையிலேயே நீங்களாக ஆறு மாத்திரைக்கும் தாவ வேண்டாம். போன் செய்து, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மாத்திரை வேலை செய்வது ஏறக்குறைய நான்கு மணி நேரம். வலி ஏறிய பிறகு போட்டால், அது பிடிக்க அரை மணி முதல் ஒரு மணி வரை ஆகும். அதுவரை துடிக்க வேண்டியதுதான். வேளைக்குப் போட்டால் வலி தலைதூக்காது. இரவு இரண்டாகக் கொடுப்பது, நடுநிசி 2 மணிக்கு அவரை எழுப்பாமல் இருக்கத்தான்.

கடைசியில் கேட்காது என்பது தவறு. மார்ஃபினுக்கு இதற்கு மேல் பலன் இல்லை என்ற உச்சவரம்பு கிடையாது. வலி கூடினால் டாக்டர் அளவைக் கூட்டலாம். திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, பதற்றம் வரும். அது உடம்பு பழகியதன் அடையாளம். போதைக்காக மருந்தைத் தேடி அலைவது வேறு.

பலர் குறைக்க உண்மையான காரணம் மலச்சிக்கல். வெளியே சொல்லக் கூச்சம்! வாந்தியும் தூக்கமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. மார்ஃபினோடு முதல் நாளிலிருந்தே மலமிளக்கி வேண்டும். பிசகோடில் 5 மி.கி. மாத்திரை இரவில் ஒன்றோ இரண்டோ எழுதுவது வழக்கம். சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். வாழைப்பழம் மட்டும் போதாது. தண்ணீர் சரியாகக் குடிக்காதவருக்கு இசப்கோல் கொடுத்தால் இன்னும் இறுகிவிடும். மூன்று நாள் மலம் போகாவிட்டால் போன் செய்யுங்கள்.

எழுப்பினாலும் கண் திறக்கவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8க்கும் கீழே என்றால் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, சிறுநீர் குறைவது, பேச்சு குழம்புவது எல்லாம் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றத் திணறுவதால் இருக்கலாம். அன்றே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: 12 மணி நேர மார்ஃபின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கூடாது. 12 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து, உடைத்தாலோ பொடித்தாலோ ஒரேயடியாக இறங்கிவிடும். அளவு அதிகம் என்று தோன்றினால் சிறிய மி.கி. மாத்திரை கேளுங்கள். விழுங்க முடியாதவருக்கு நான்கு மணி நேர மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

கேள்வி: எங்கள் ஊர் மருந்துக்கடையில் மார்ஃபின் இல்லை. தீர்ந்துவிடுமோ என்று அம்மாவுக்கு ஒரு வேளை விட்டு ஒரு வேளை கொடுக்கிறோம்.
– வாசகி, பரமக்குடி

பதில்: அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளே பெரும்பாலும் மார்ஃபினை வைத்திருக்கின்றன, பக்கத்துக் கடையில் தேடிப் பயனில்லை. வேளையைக் குறைக்காமல், போகும் நாளை முன்னே தள்ளுங்கள்: ஐந்து நாள் மாத்திரை மிஞ்சியிருக்கும்போதே கிளம்புங்கள். தூரத்தைச் சொல்லி, ஒரே தடவையில் கூடுதல் நாளுக்குத் தருவார்களா, அம்மா வராமல் சீட்டோடு நீங்கள் மட்டும் வந்து வாங்கலாமா என்று வலி தணிப்புப் பிரிவில் கேளுங்கள். வீட்டில் உள்ளதைப் பூட்டி வையுங்கள். தேவையில்லாமல் மிஞ்சினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.