ஹடூப் கேள்வி–பதில்: டிஸ்க் போனால் பதறாதீர்கள், நேம்நோடைப் பாருங்கள்

ஹடூப் (பெருந்தரவைப் பல மெஷின்களில் பிரித்து வைத்துச் செயலாக்கும் மென்பொருள்) கிளஸ்டர் பராமரிப்பு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் தருகிறோம். அனுப்பியவர்களில் வங்கித் துறையினரும் உண்டு, கல்லூரி ஆய்வகத்தினரும் உண்டு. ஆனால் பாதிக்கு மேற்பட்ட தொல்லைகளின் வேர் ஒன்றுதான்: நிறுவிய நாளில் யாரும் தொடாமல் விட்டுவிட்ட டீஃபால்ட் மதிப்புகள்.

கேள்வி: எங்களிடம் 12 டேட்டாநோடுகள் (தரவைச் சேமிக்கும் மெஷின்கள்) உள்ளன. மொத்த இடத்தில் பாதிகூட நிரம்பவில்லை. ஆனாலும் நேம்நோடு அவ்வப்போது உறைந்து நிற்கிறது. சமீபத்தில் தானாகவே அணைந்தும் போனது. டிஸ்க்கில் இடம் இருக்கும்போது இது ஏன்?

டிஸ்க்கை விடுங்கள், ஃபைல்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். எந்த ஃபைலின் எந்த பிளாக் (ஃபைலைப் பிரித்து வைக்கும் துண்டு) எங்கே இருக்கிறது என்ற கணக்கு முழுவதையும் நேம்நோடு தன் ரேமில்தான் வைத்துக்கொள்கிறது. ஒரு ஃபைலுக்கு ஏறத்தாழ 150 பைட், அதன் ஒவ்வொரு பிளாக்குக்கும் இன்னொரு 150 பைட் என்பது பொதுவாகப் போடும் கணக்கு. 100 கேபி அளவில் ஒரு கோடி ஃபைல் இருந்தால் தரவு சுமார் ஒரு டிபிதான். ஆனால் நேம்நோடில் அது பிடிக்கும் இடம் 3 ஜிபி. அதே தரவை 128 எம்பி ஃபைல்களாக வைத்தால் எட்டாயிரத்துக்கும் குறைவான ஃபைல்தான். நேம்நோடில் 3 எம்பிகூட ஆகாது.

இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பிளாக் அளவு 128 எம்பி என்பதால் 100 கேபி ஃபைலும் டிஸ்க்கில் 128 எம்பியை அடைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். அடைக்காது. டிஸ்க்கில் 100 கேபிதான் போகும். செலவு நேம்நோடின் ரேமில்.

உறைந்து நிற்பது பெரும்பாலும் ஜாவாவின் கார்பேஜ் கலெக்‌ஷன். ஹீப் (ஜாவா நிரலுக்கு ஒதுக்கிய ரேம்) நிரம்ப நிரம்ப, தேவையற்றதை அகற்றும் இந்த இடைநிறுத்தம் நீளும். எச்.ஏ. முறையில் (மாற்று நேம்நோடு தயாராக நிற்கும் அமைப்பு) இயங்கும் நேம்நோடு தன் எடிட் லாக்கை (மாற்றங்களின் பதிவேடு) ஜர்னல்நோடு என்ற தனிச் சேவைகளில் எழுதுகிறது. பெரும்பான்மை ஜர்னல்நோடுகளின் ஒப்புதல் 20 நொடிக்குள் கிடைக்காவிட்டால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். கார்பேஜ் கலெக்‌ஷனில் அந்த நேரத்தைத் தாண்டி உறைந்து எழுந்தால், நெட்வொர்க்கில் ஒரு குறையும் இல்லாமலே காலக்கெடு முடிந்திருக்கும். லாக்கில் ஜர்னல்நோடு டைம்அவுட் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு நெட்வொர்க் ஆட்களோடு சண்டைக்குப் போவதற்கு முன், அதற்குச் சற்று மேலே ஜேவிஎம் பாஸ் (ஜாவா உறைந்து நின்ற நேரம்) பற்றிய வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

உடனடியாகச் செய்ய வேண்டியது ஹீப்பை உயர்த்துவது. பத்து லட்சம் பிளாக்குக்கு ஒரு ஜிபி என்பது பாதுகாப்பான கணக்கு. ஆனால் அது தற்காலிக மருந்துதான்; சிறிய ஃபைல்களை யார் கொட்டுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். எஃப்எஸ்சிகே (ஃபைல்களைச் சோதிக்கும்) கட்டளையின் முடிவில் சராசரி பிளாக் அளவு வரும். அது 128 எம்பிக்குப் பக்கத்தில்கூட வராமல் ஒற்றை இலக்கத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். எந்த ஃபோல்டர் என்று அறிய, எஃப்எஸ்இமேஜின் (நேம்நோடின் கணக்கை டிஸ்க்கில் சேமித்த ஃபைல்) நகலை வேறொரு மெஷினுக்கு எடுத்துச்சென்று ஆஃப்லைன் இமேஜ் வியூவரில் போட்டுப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நேம்நோடிடம் முழு மரத்தையும் பட்டியலிடச் சொன்னால் நோயாளியை மாடிப்படி ஏறச் சொன்ன மாதிரி ஆகும்.

வழக்கமான குற்றவாளி ஒரு ஸ்பார்க் (தரவைச் செயலாக்கும் மென்பொருள்) ஜாப். தரவைக் கலைத்துப் பிரிக்கும் ஷஃபிள் பார்ட்டிஷன்களின் எண்ணிக்கை டீஃபால்ட்டாக 200. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, ஒவ்வொரு முறையும் 200 ஃபைல் எழுதினால் ஒரு நாளைக்கு 57,600 ஃபைல். வருடத்துக்கு இரண்டு கோடிக்கு மேல். ஸ்பார்க் 3.2 முதல் அடாப்டிவ் எக்ஸிக்யூஷன் டீஃபால்ட்டாகவே இயங்கிச் சிறிய பார்ட்டிஷன்களைச் சேர்த்துவிடும். அதற்கு முந்தையதில் எழுதும் முன் கோலெஸ் செய்து பார்ட்டிஷன்களைக் குறைக்க வேண்டும். பழைய தரவை இரவில் ஒரு ஜாப் போட்டுப் பெரிய ஃபைல்களாகச் சேர்த்து எழுதுங்கள். ஹைவ் (ஹடூப் மீதான டேபிள் மென்பொருள்) ஓஆர்சி வடிவ டேபிளாக இருந்தால் கான்கேட்டினேட் கட்டளையே போதும். கடைசியாக, ஒவ்வொரு குழுவின் ஃபோல்டருக்கும் பெயர் எண்ணிக்கைக் கோட்டா (எத்தனை ஃபைல், ஃபோல்டர் வைக்கலாம் என்ற வரம்பு) வைத்துவிடுங்கள். திட்டு வாங்குவீர்கள், பரவாயில்லை, அடுத்த தடவை நிற்பது அவர்களுடைய ஜாப், உங்கள் கிளஸ்டர் அல்ல.

கேள்வி: 12 டிஸ்க் உள்ள ஒரு டேட்டாநோடில் ஒரே ஒரு டிஸ்க் பழுதானது. முழு நோடும் சேவையிலிருந்து விலகிவிட்டது. ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாக இணைக்கும் முறை) போட்டிருந்தால் தப்பித்திருக்குமா?

ரெய்டு வேண்டாம். டேட்டாநோடு டிஸ்க்குகளைத் தனித்தனியாக மவுண்ட் செய்வதே சரி, ஏனெனில் நகல் வைக்கும் வேலையை எச்டிஎஃப்எஸ் (ஹடூப்பின் சேமிப்பு அமைப்பு) ஏற்கெனவே மெஷின்களுக்கு இடையே செய்கிறது. நேம்நோடின் மெட்டாடேட்டா (ஃபைல்–பிளாக் கணக்கு) டிஸ்க்குக்கு மட்டும், இரட்டை நகல் வைக்கும் ரெய்டு 1 போடுங்கள்.

உங்கள் நோடு விழுந்ததற்குக் காரணம், எத்தனை டிஸ்க் பழுதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற அமைப்பு. பெயர் டிஎஃப்எஸ்.டேட்டாநோட்.ஃபெயில்ட்.வால்யூம்ஸ்.டாலரேட்டட், அதன் டீஃபால்ட் பூஜ்யம். 12 டிஸ்க்குக்கு 1 அல்லது 2 என்று வையுங்கள். அதே அமைப்பு ஃபைலில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒதுக்கி வைக்கும் இடத்தின் அளவும் பூஜ்யமாகத்தான் இருக்கும். அதை 10 ஜிபி, பெரிய டிஸ்க் என்றால் இன்னும் அதிகம் என்று மாற்றுங்கள். யார்ன் (ஜாப்களுக்கு ரேமும் சிபியுவும் பங்கிடும் பகுதி) தன் தற்காலிக ஃபைல்களை அதே டிஸ்க்குகளில் எழுதும்போது இது உயிர் காக்கும்.

கண்ணில் படாத வேறொரு பொறி உண்டு. ரீபூட்டுக்குப் பிறகு ஒரு டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, ஆனால் மவுண்ட் ஆக வேண்டிய வெற்று ஃபோல்டர் ரூட் பார்ட்டிஷனில் இருக்கிறது என்றால், எழுத அனுமதி இருக்கும் பட்சத்தில் டேட்டாநோடு அதையே டிஸ்க் என்று நம்பி எழுதத் தொடங்கும். சில மணி நேரத்தில் ரூட் பார்ட்டிஷன் நிரம்பி மெஷினே முடங்கும். டிஸ்க்கை மவுண்ட் செய்வதற்கு முன்பே அந்த வெற்று ஃபோல்டரை ரூட்டுக்குச் சொந்தமாக்கி, எழுதும் அனுமதியை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

முழுதாகச் செத்த டிஸ்க்கைவிட மெதுவாகச் சாகும் டிஸ்க் மோசம். ஹார்ட்பீட் (உயிரோடு இருக்கிறேன் என்ற சிக்னல்) ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். ஆனால் அந்த நோடு வழியாகப் போகும் ஒவ்வொரு எழுத்தும் இழுபடும். டிஸ்க்கின் ஸ்மார்ட் (உடல்நல) அறிக்கையில் ரீஅலொகேட்டட் செக்டர் (பழுதாகி மாற்றப்பட்ட பகுதி) எண்ணிக்கை வாராவாரம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் சாகும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் நான்கு மெஷினில் ஹடூப் நிறுவினோம். மின்தடைக்குப் பிறகு நேம்நோடு கிளம்ப மறுத்தது. இணையத்தில் சொன்னபடி ஃபார்மட் செய்தோம். இப்போது டேட்டாநோடுகள் சேர மறுக்கின்றன.

ஃபார்மட் செய்த நொடியே பழைய தரவின் வரைபடம் போய்விட்டது. ஃபார்மட் புதிய கிளஸ்டர் ஐடியை உருவாக்கும். டேட்டாநோடுகளில் பழைய ஐடி இருப்பதால் அவை சேர மறுக்கின்றன. அது நல்ல பாதுகாப்புதான். ஆய்வகத் தரவு மீண்டும் கிடைக்கும் என்றால் டேட்டாநோடு ஃபோல்டர்களைக் காலி செய்து புதிதாகத் தொடங்குங்கள். கிடைக்காது என்றால் எதையும் அழிக்காதீர்கள். முதலில் செகண்டரி நேம்நோடில் பழைய எஃப்எஸ்இமேஜ் எஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள்.

மூல காரணத்தையும் சரிசெய்ய வேண்டும். ஹடூப்.டிஎம்பி.டிர் அமைப்பை நீங்கள் மாற்றவில்லை என்றால் நேம்நோடு தன் மெட்டாடேட்டாவை லினக்ஸின் டிஎம்பி ஃபோல்டருக்குள்தான் எழுதும். பல லினக்ஸ் அமைப்புகள் ரீபூட்டின்போது அதைத் துடைத்துவிடும். மின்தடை ஒரு சாக்கு மட்டுமே. முறையாக அணைத்துக் கிளப்பியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். நேம்நோடு, டேட்டாநோடு இரண்டின் ஃபோல்டர்களையும் நிலையான இடத்தில், வெளிப்படையாக எழுதிக் கொடுங்கள்.

செகண்டரி நேம்நோடு என்ற பெயர் பலரை ஏமாற்றுகிறது. அது மாற்று நேம்நோடு இல்லை. மணிக்கு ஒருமுறை, அல்லது பத்து லட்சம் மாற்றங்கள் சேர்ந்ததும், எடிட் லாக்கை எஃப்எஸ்இமேஜோடு இணைத்துக் கொடுப்பதே அதன் வேலை. அது நின்றுபோனால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் எடிட் லாக் குவிந்த பிறகு ஒரு நாள் நேம்நோடை ரீஸ்டார்ட் செய்யும்போதுதான், குவிந்ததையெல்லாம் முதலிலிருந்து வாசித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். கடைசி செக்பாயிண்ட் (இந்த இணைப்பு) எப்போது நடந்தது என்பதைக் கண்காணிப்புப் பட்டியலில் முதல் வரியாக வையுங்கள்.

கேள்வி: ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு நேம்நோடு சேஃப் மோடிலேயே (வாசிக்க மட்டும் விடும் நிலை) நிற்கிறது. கட்டாயப்படுத்தி வெளியே கொண்டுவரலாமா?

முதலில் எத்தனை டேட்டாநோடு உயிரோடு இருக்கிறது என்று டிஎஃப்எஸ்அட்மின் கட்டளை தரும் அறிக்கையில் பாருங்கள். மொத்த பிளாக்குகளில் 99.9 சதவீதத்துக்கு ஒரு நகலாவது இருப்பதாகத் தகவல் வந்த பிறகுதான் நேம்நோடு சேஃப் மோடை விடும். இன்னும் எத்தனை பிளாக் வர வேண்டும் என்பதை அதன் வலைப்பக்கமே சொல்லும். இரண்டு நோடுகள் இன்னும் எழவில்லை என்றால் அவற்றை எழுப்புவதே பதில். கட்டாயமாக வெளியேற்றினால், வராத நோடுகளின் நகல்களுக்குப் பதிலாகப் புதிய நகல்கள் எடுக்கும் வேலை ஒரே மூச்சில் தொடங்கி நெட்வொர்க்கை அடைத்துவிடும். எல்லா நோடும் வந்த பிறகும் பிளாக் குறைந்தால் மட்டும் வெளியே கொண்டுவாருங்கள். எஃப்எஸ்சிகே கட்டளையின் டெலிட் விருப்பத்தை அதுவரை தொடவே கூடாது. அது பழுதை நீக்காது, ஃபைலைத்தான் நீக்கும்.

கேள்வி: ஒருவர் தவறுதலாக ஒரு பெரிய ஃபோல்டரை அழித்துவிட்டார். ரெப்ளிகேஷன் 3 இருக்கிறதே, மீட்க முடியாதா?

மூன்று நகலும் சேர்ந்தே அழியும். ரெப்ளிகேஷன் மெஷின் பழுதுக்கானது, மனிதக் கைக்கானது அல்ல. டிராஷ் (குப்பைத்தொட்டி) வசதி மூல ஹடூப்பில் டீஃபால்ட்டாக அணைந்திருக்கும், எஃப்எஸ்.டிராஷ்.இன்டர்வல் மதிப்பை 1440 நிமிடம் என்றாவது வையுங்கள். முக்கிய ஃபோல்டர்களுக்கு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால் டிராஷைத் தவிர்த்து அழித்தாலும் தரவு நிற்கும்.

இரண்டும் இல்லாத நிலையில் அழிப்பு இப்போதுதான் நடந்தது என்றால் நேம்நோடை உடனே நிறுத்துங்கள். பெயர் மறைந்தாலும் பிளாக்குகளை அழிக்கும் கட்டளை டேட்டாநோடுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். நிறுத்திவிட்டு, மெட்டாடேட்டா ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து வைத்துக்கொண்டு, அழிப்புக்கு முந்தைய எஃப்எஸ்இமேஜிலிருந்து கிளப்பலாம். எடிட் லாக்கிலிருந்து அந்த ஒரு அழிப்பை மட்டும் நீக்கிக் கிளப்பும் வழியும் உண்டு. இடைப்பட்ட நிமிடங்களில் எவ்வளவு பிளாக் போனதோ அது போனதுதான்.

கேள்வி: 64 ஜிபி ரேம் உள்ள மெஷின்கள். யார்ன் 8 ஜிபிக்கு மேல் தொடுவதில்லை. சில ஸ்பார்க் ஜாப்கள் 143, 137 என்ற எக்ஸிட் எண்களோடு சாகின்றன.

8 ஜிபி என்பது நோடுமேனேஜரின் (ஒவ்வொரு மெஷினிலும் ஓடும் யார்ன் பகுதி) டீஃபால்ட். மெஷினில் எவ்வளவு இருக்கிறது என்று அது தானாகப் பார்க்காது. 64 ஜிபியில் லினக்ஸ், டேட்டாநோடு, நோடுமேனேஜர் ஆகியவற்றுக்கு 8 ஜிபி விட்டு, 56 ஜிபியை யார்னுக்குக் கொடுங்கள்.

எக்ஸிக்யூட்டருக்கு (ஸ்பார்க் வேலையைச் செய்யும் பிராசஸ்) 8 ஜிபி கேட்டால் ஸ்பார்க் அதன் மேல் பத்து சதவீதம், குறைந்தது 384 எம்பி, ஓவர்ஹெட் (ஹீப்புக்கு வெளியே உதிரி நினைவகம்) சேர்க்கும். யார்ன் அதை அடுத்த ஜிபிக்கு உயர்த்தி 9 ஜிபியாக்கும். ஆக ஒரு மெஷினில் 6 எக்ஸிக்யூட்டர், ஏழு வராது. 143 என்றால் பெரும்பாலும் கன்டெய்னர் (ஜாப்புக்கு யார்ன் ஒதுக்கிய பங்கு) தன் வரம்பை மீறியதால் யார்ன் நிறுத்தியது. பைத்தானில் எழுதிய ஜாப் என்றால் பைத்தான் பிராசஸின் நினைவகம் ஜாவா ஹீப்புக்கு வெளியே இருப்பதால் ஹீப்பை ஏற்றிப் பயனில்லை, ஓவர்ஹெட்டை ஏற்றுங்கள். 137 வந்தால் கர்னல் லாக்கைப் பாருங்கள். மெஷினிலேயே ரேம் தீர்ந்து லினக்ஸ் கொன்றிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் நீங்கள் யார்னுக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டீர்கள்.

கேள்வி: மூன்று புதிய நோடு சேர்த்தோம். பழையவை 90 சதவீதம் நிரம்பியே இருக்கின்றன. பேலன்சர் (நோடுகளுக்கிடையே தரவைச் சமப்படுத்தும் கருவி) ஓடுகிறது, ஆனால் நகரவில்லை.

நகர்கிறது, ஆமை வேகத்தில். பழைய பதிப்புகளில் பேலன்சருக்கு ஒரு டேட்டாநோடு தரும் வேகம் நொடிக்கு ஒரு எம்பிதான். ஒரு டிபிக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். டிஎஃப்எஸ்அட்மின் வழியாக ரீஸ்டார்ட் இல்லாமலே 100 எம்பிக்கு உயர்த்தலாம். இரவில் உயர்த்திக் காலையில் இறக்குங்கள். நோடுக்குள் ஒரு டிஸ்க் நிரம்பி இன்னொன்று காலியாக இருப்பதை பேலன்சர் தொடாது. அதற்கு ஹடூப் 3இல் டிஸ்க் பேலன்சர் தனியாக உண்டு. ஹெச்பேஸ் தரவுத்தளமும் அதே கிளஸ்டரில் ஓடினால் பேலன்சரை யோசித்து ஓட்டுங்கள். பிளாக்குகள் அவற்றை வாசிக்கும் ரீஜியன் சர்வரை விட்டு நகர்ந்துபோய், மேஜர் கம்பாக்‌ஷன் (ஃபைல்களைச் சேர்த்து மறுபடி எழுதுவது) நடக்கும்வரை வாசிப்பு மந்தமாகும்.

கேள்வி: இடம் மிச்சம் பிடிக்க இரேஷர் கோடிங்குக்கு (முழு நகல்களுக்குப் பதில் மீட்புக்கான பாரிட்டி பிளாக்குகள் வைக்கும் முறை) மாறலாமா? எங்களிடம் ஏழு நோடு.

வழக்கமான ஆர்எஸ் 6–3 (6 தரவு பிளாக், 3 பாரிட்டி பிளாக்) முறைக்கு 9 டேட்டாநோடாவது வேண்டும். ஏழு நோடுக்கு ஆர்எஸ் 3–2 பொருந்தும், ஆனால் இடம் மூன்று மடங்கிலிருந்து சுமார் 1.67 மடங்கு அளவுக்குத்தான் குறையும். அரிதாக வாசிக்கும் பழைய தரவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சிறிய ஃபைல்களுக்கு வேண்டவே வேண்டாம். ஒரு சிறிய ஃபைலுக்கும் பாரிட்டி பிளாக்குகள் முழு எண்ணிக்கையில் உருவாகி, முதல் கேள்வியில் சொன்ன நேம்நோடு சுமைதான் கூடும்.

கேள்வி: யார்னின் 8088 வலைப்பக்கத்தை வீட்டிலிருந்து பார்க்க ஃபயர்வாலில் திறக்கலாமா?

கூடாது. கெர்பரோஸ் (அடையாளச் சரிபார்ப்பு முறை) இல்லாத கிளஸ்டரில் அந்த போர்ட் வழியாக யார் வேண்டுமானாலும் ஜாப் அனுப்பலாம். அதாவது உங்கள் எல்லா மெஷினிலும் விரும்பிய நிரலை ஓட்டலாம். இப்படித் திறந்துகிடக்கும் கிளஸ்டர்களைத் தேடிப் பிடித்து கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்களை ஏற்றுவதற்கென்றே தானியங்கிகள் சுற்றுகின்றன. விபிஎன் வழியாகவோ எஸ்எஸ்எச் டனல் வழியாகவோ பாருங்கள். கெர்பரோஸ் போடுவதாக இருந்தால் எல்லா மெஷினிலும் என்டிபி (கடிகாரங்களை ஒத்திசைக்கும் சேவை) ஒழுங்காக ஓடுகிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் டிக்கெட் செல்லாது.