வாசகர் கேள்வி-பதில்: அஷ்யூரா, என்ஷ்யூரா, இன்ஷ்யூரா?

கேள்வி: திருப்பூரில் ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராகப் பணிபுரிகிறேன். சரக்கு குறித்த நாளில் வந்து சேர்வதற்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்ல நினைத்து 'இன்ஷ்யூர்' என்று எழுதினேன். காப்பீட்டுப் பத்திரத்தின் நகலை அனுப்புமாறு வெளிநாட்டு பையரிடமிருந்து பதில் வந்துவிட்டது. அஷ்யூர், என்ஷ்யூர், இன்ஷ்யூர் மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது?
வாசகி, திருப்பூர்.

பதில்: மூன்றும் கவலையின்மையைக் குறிக்கும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை என்பதால் ஒலியில் நெருங்கி நிற்கின்றன. வினைக்குப் பின் எது வருகிறது என்று பாருங்கள்.

அஷ்யூர் என்பது ஒருவருக்கு வாக்குக் கொடுப்பது, அதனால் அதற்குப் பின் ஆள் வர வேண்டும். 'வி அஷ்யூர் யூ' என்பது சரி. நம் அலுவலகங்களில் தாராளமாகப் புழங்கும் 'வி அஷ்யூர் தி டெலிவரி' என்பதில் யாருக்கு வாக்குக் கொடுக்கிறோம் என்பதே இல்லை. என்ஷ்யூர் என்பது ஒன்று நடக்கும்படி பார்த்துக்கொள்வது, அதற்குப் பின் நடக்க வேண்டிய காரியம் வரும். ஒவ்வொரு பீஸும் செக்கிங் முடிந்த பிறகே பேக்கிங்குக்குப் போகும் என்பதற்கு என்ஷ்யூர் பொருந்தும், ஏனெனில் அது உங்கள் கையில் இருக்கிறது. டையிங்கிலிருந்து, அதாவது சாயமிடும் இடத்திலிருந்து, துணி வரும் நாளுக்கு அதே சொல்லைப் போட்டால், பிறர் செய்ய வேண்டிய வேலைக்கும் நீங்களே பொறுப்பேற்றதாகிவிடும் என்பதால், அங்கே 'எக்ஸ்பெக்ட்' என்று எழுதுவதே விவேகம்.

இன்ஷ்யூர் பணம் கட்டிக் காப்பீடு செய்வது. விலை சி.ஐ.எஃப். முறையில், அதாவது சரக்கின் விலையோடு காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்த்து, பேசப்பட்டிருந்தால் சேருமிடத் துறைமுகம் வரைக்கும் காப்பீடு எடுப்பது விற்பவர் கடமை, எஃப்.ஓ.பி., அதாவது கப்பலில் ஏற்றித் தருவது வரைக்குமான விலை என்றால், தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏறியதுமே இழப்புக்கான பொறுப்பு வாங்குபவருடையதாகிவிடுகிறது. நீங்கள் 'இன்ஷ்யூர்' என்றே எழுதியதால், அந்த பையர் பத்திரம் கேட்டதில் குற்றமில்லை.

அமெரிக்கர்கள் சிலர் என்ஷ்யூர் என்னும் பொருளிலும் இன்ஷ்யூர் எழுதுவதுண்டு. 1787இல் எழுதப்பட்ட அவர்களுடைய அரசியலமைப்பின் முகவுரையிலேயே உள்நாட்டு அமைதியை 'இன்ஷ்யூர்' செய்வதாகத்தான் இருக்கிறது. பிரிட்டனிலோ ஆயுள் காப்பீட்டை 'லைஃப் அஷ்யூரன்ஸ்' என்பது பழைய வழக்கம். வணிகக் கடிதத்தில் இந்தச் சலுகைகளை நம்பாதீர்கள்.

இப்போதைக்கு அந்த வாக்கியத்தில் என்ஷ்யூர் என்று திருத்தி, காப்பீட்டைப் பற்றிச் சொல்ல வரவில்லை என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். ஒப்பந்தம் சி.ஐ.எஃப். எனில் பத்திரத்தின் நகலையும் இணைத்துவிடுங்கள். எப்படியும் கேட்கப்படும் ஆவணம்தான் அது.